குடும்பத்தோடு ரோலர் கோஸ்டர் ஏறப் போகிறீர்களா? அளவு நாடாவிலிருந்து கடைசி ரைடு வரை முழுமையான வழிகாட்டி

நான்கு பேர் இருக்கும் வீட்டில் தைரியமும் நான்கு அளவில் இருக்கும். ஒருவருக்குப் பொழுதுபோக்குப் பூங்காவிலேயே உயரமான கோஸ்டரில் முதல் வரிசை சீட் வேண்டும். இன்னொருவருக்கு அதைக் கீழே நின்று பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கும். மூன்றாமவர் ஏறத் துடிப்பார், ஆனால் உயரம் இரண்டு சென்டிமீட்டர் குறையும். நாலாவது ஆள் எல்லாருடைய பைகளுக்கும் காவலாகப் பெஞ்சில் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பார். பெரும்பாலான வீடுகளில் திட்டம் போடுவது அந்த முதல் ஆள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதை மாற்றிப் பாருங்கள். உயரம் குறைந்தவர், பயப்படுகிறவர், ஏறவே முடியாதவர் ஆகியோரை முன்னால் வைத்து நாளைத் திட்டமிடுங்கள். தைரியசாலிகளுக்கு யாரும் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டாம், அவர்களாகவே தங்கள் ரைடைத் தேடிப் போய்விடுவார்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த எண்ணத்தை வைத்துத்தான் எழுதப்பட்டது.

படி 1: டிக்கெட்டுக்கு முன்னால் அளவு நாடா

பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே சுவரோரம் நிற்கவைத்துச் சரியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். போன விடுமுறையில் அளந்த கணக்கு உதவாது. வெறுங்காலில் ஒரு முறை, அன்றைக்குப் போடப்போகும் ஷூவோடு ஒரு முறை அளக்கலாம். பல பூங்காக்களில் ஷூவோடு நிற்கவைத்துத்தான் பார்ப்பார்கள். அடிப்பாகம் தடிமனாகத் தெரிந்தால் கழற்றச் சொல்வதும் உண்டு.

குழந்தைகளுக்கான சின்னக் கோஸ்டர்களுக்குச் சுமார் 90 முதல் 100 செ.மீ. போதும். குடும்பமாக ஏறும் நடுத்தர கோஸ்டர்கள் 100 முதல் 120 செ.மீ. வரை கேட்கும். பெரிய கோஸ்டர்களுக்கு 120, 130, 140 என்று போகும். அமெரிக்கப் பூங்காக்களில் 48 அங்குலம், 54 அங்குலம் என்ற இரண்டு எண்களை அடிக்கடி பார்க்கலாம். அவை ஏறக்குறைய 122, 137 செ.மீ. இதில் பலர் கவனிக்காத விஷயம், ஒரே ரைடுக்கு இரண்டு கோடுகள் இருக்கும். கீழ்க்கோட்டைத் தாண்டிய பிள்ளை பெரியவரோடு மட்டும் ஏறலாம், மேல்கோட்டைத் தாண்டினால்தான் தனியாக ஏறலாம். அப்படியென்றால் அந்த ரைடுக்கு ஒரு பெரியவரை ஒதுக்கியாக வேண்டும். சில ரைடுகளுக்கு மேல் வரம்பும் உண்டு, வீட்டில் மிக உயரமானவர் இருந்தால் அதையும் பாருங்கள்.

உயரம் சரியாகக் கோட்டில் நிற்கும் பிள்ளையாக இருந்தால் அந்த ரைடுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நாள் முழுக்க நின்று நடப்பதில் முதுகெலும்பின் தட்டுகள் கொஞ்சம் அமுங்குவதால், எல்லாருமே மாலையில் காலையைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருப்போம். உயரத்தை ஒரே முறை அளந்து கையில் பட்டை கட்டிவிடும் பூங்கா என்றால் வாசலைத் தாண்டியதும் முதல் வேலை அதுதான்.

ஷூவுக்குள் துணி திணிப்பது, குதிகாலை லேசாகத் தூக்கச் சொல்லிக்கொடுப்பது, இதெல்லாம் வேண்டாம். உயர வரம்பு தைரியத்துக்கு வைத்த தேர்வு கிடையாது. இடுப்பும் தொடையும் தோளும் சீட்டின் தடுப்புக்குள் சரியாகப் பொருந்தும் உடம்புதானா என்பதற்கு உயரத்தை ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டரை ஏமாற்றிவிடலாம், தடுப்புக் கம்பியை ஏமாற்ற முடியாது.

படி 2: ரைடுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

பூங்காவின் இணையதளத்தில் ரைடு பட்டியல், உயர வரம்பு, வரைபடம் மூன்றும் இருக்கும். அன்றைக்குப் பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடுகள் எவை என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். ஒரு ரைடுக்காகவே இவ்வளவு தூரம் வந்து, அது மூடியிருந்தால் வரும் ஏமாற்றம் நாள் முழுக்க முகத்தில் தெரியும்.

எல்லாரும் ஏறக்கூடியவை, பாதிப் பேர் ஏறக்கூடியவை, ஒருவரோ இருவரோ மட்டும் ஏறப்போகிறவை என்று மூன்றாகப் பிரியுங்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு ரைடைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளை சின்ன ரயிலைச் சொன்னாலும், பாட்டி ஏரியில் படகைச் சொன்னாலும், அதுவும் பெரிய கோஸ்டருக்குச் சமம்தான். அந்த நான்கைந்தும் நடந்துவிட்டால் நாள் வெற்றி, மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம். பட்டியலில் இருபது ரைடு எழுதிக்கொண்டு போனால் கால் வலிதான் மிச்சம்.

படி 3: கோஸ்டர் எப்படி ஓடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

தெரியாததுதான் பாதிப் பயம். அதனால் இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். போகும் வழியில் பேச நல்ல விஷயமும்கூட.

வழக்கமான கோஸ்டர் ரயிலில் எஞ்சின் கிடையாது. முதல் ஏற்றத்தில் ஒரு சங்கிலி அதை மேலே இழுத்து விடுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு முழுப் பாதையும் புவியீர்ப்பில் ஓடுகிறது. உரசலிலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கரைவதால், சங்கிலி மட்டுமே உள்ள கோஸ்டரில் அடுத்தடுத்த மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வாகவே இருக்கும். இதைப் பயப்படுகிற பிள்ளையிடம் சொல்லுங்கள்: "பெரும்பாலும் முதல் இறக்கம்தான் பெரியது, அது முடிந்தால் மீதி எல்லாம் அதைவிடச் சின்னது." காந்த விசையாலோ அழுத்த விசையாலோ நிலையத்திலிருந்தே பாய்ந்து கிளம்பும் கோஸ்டர்களுக்கு இது பொருந்தாது. அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் 2010-இல் திறந்த ஃபார்முலா ரோசா அந்த வகை. சில நொடிகளிலேயே மணிக்கு 240 கி.மீ. வேகத்தை எட்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்துத்தான் ஏற்றுகிறார்கள்.

மேலே ஏறும்போது 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஏதோ உடையப்போகிறது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது ஆறுதல் தரவேண்டிய சத்தம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் சரியாதபடி, பாதையின் பல்வரிசையில் ஒவ்வொரு பல்லாகக் கொக்கி விழுந்து பிடித்துக்கொண்டே போகிறது.

"தலைகீழாகப் போகும்போது ரயில் கழன்று விழாதா?" என்று நிச்சயம் கேட்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று வகைச் சக்கரங்கள் உண்டு. ஒன்று தண்டவாளத்தின் மேலே ஓடும், ஒன்று பக்கவாட்டில் அணைத்து ஓடும், ஒன்று அடியில் ஓடும். மூன்றும் சேர்ந்து தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருப்பதால் ரயில் எந்தப் பக்கமும் எழும்ப முடியாது. அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1919-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய கோஸ்டர்கள் மெதுவாகத்தான் போக முடிந்தது. 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்ப்ஸன் திறந்த பாதையில் ரயில் போன வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ., கிட்டத்தட்ட நாம் மெதுவாக ஓடும் வேகம். அதற்கே மக்கள் வரிசையில் நின்றார்கள்.

ரயில் தலைகீழாகச் சுற்றி வரும் வளையத்தை, அதாவது லூப்பைப் பார்த்தால் அது சரியான வட்டமாக இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மேலே வளைவு இறுக்கமாக, கீழே தளர்வாக, தலைகீழாகப் பிடித்த நீர்த்துளி மாதிரி இருக்கும். 1900-ஐ ஒட்டிய காலத்தில் முழு வட்டமாகக் கட்டிப் பார்த்தார்கள், லூப்புக்குள் நுழைகிற இடத்திலேயே கழுத்து பயங்கரமாக அழுத்தப்பட்டது. வளைவை மெல்ல மெல்ல இறுக்கினால் அந்த அழுத்தம் குறையும் என்ற கணக்கோடு 1976-இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டர் வந்தது. இன்றைய லூப்புகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

படி 4: உடம்பைக் கேளுங்கள்

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கழுத்து அல்லது முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பெரிய கோஸ்டர்களில் ஏறக்கூடாது. வலிப்பு நோய், விழித்திரைப் பிரச்சினை போன்றவை இருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று அப்பாக்கள் சொல்வதை மருத்துவக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நுழைவிடத்தில் இருக்கும் எச்சரிக்கைப் பலகையை வரிசையில் சேர்வதற்கு முன்பே படிப்பது நல்லது. ஒரு மணி நேரம் நின்ற பிறகு படித்தால் யாருக்கும் திரும்பிப் போக மனம் வராது.

உடல் பருமனானவர்களுக்கும் மிக உயரமானவர்களுக்கும் பல பெரிய கோஸ்டர்களின் வாசலில் ஒரு மாதிரி சீட் வைத்திருப்பார்கள். கூட்டம் சேர்வதற்கு முன் அதில் உட்கார்ந்து பெல்ட் பூட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சில ரயில்களில் ஒரு சில வரிசைகளில் மட்டும் பெரிய உடம்புக்கு ஏற்ற சீட் இருக்கும், ஊழியரிடம் கேட்டால் சொல்வார். எல்லாரும் பார்க்கும்போது ரயிலிலிருந்து இறக்கிவிடப்படும் சங்கடம் இதனால் மிச்சமாகும்.

மருத்துவம் பேசும்போது ஒரு வேடிக்கை. கோஸ்டரில் ஏறினால் சிறுநீரகக் கல் இறங்குமா என்று இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் சிலிகான் சிறுநீரக மாதிரி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு டிஸ்னி வேர்ல்டின் பிக் தண்டர் மவுண்டன் கோஸ்டரில் திரும்பத் திரும்ப ஏறிப் பார்த்தார்கள். பின் சீட்டுகளில் சுமார் 64 சதவீத முறை கல் நகர்ந்தது, முன் சீட்டுகளில் 17 சதவீதம்தான். 2016-இல் வெளியான இந்த ஆய்வுக்கு 2018-இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. மாதிரியை வைத்துச் செய்த சோதனைதான், கல் இருப்பவர்கள் இதை நம்பி டிக்கெட் வாங்க வேண்டாம். ஆனால் பின் சீட்டு எவ்வளவு உலுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சீட் தேர்வைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

படி 5: எதைப் போட்டுக்கொள்வது, எதை விட்டுப்போவது

கால்விரலில் மட்டும் நிற்கும் செருப்பு வேண்டாம். கால் தொங்கும் கோஸ்டர்களில் அது நிச்சயம் பறக்கும், சில இடங்களில் கழற்றிவிட்டு ஏறச் சொல்வார்கள். பின்னால் பட்டை உள்ள செருப்போ நடந்து பழகிய ஷூவோ போதும். புது ஷூவுக்கு இது நாள் இல்லை. நீண்ட கூந்தலை இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். தோளில் தொங்கும் துணி, பெரிய காதணி, கழுத்துச் சங்கிலி இதெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் மாட்டும் கயிறு வாங்கிவிடுங்கள். காது கேட்கும் கருவியைக் கழற்றி வைப்பது பாதுகாப்பு.

ஃபோனைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மேலே வீடியோ எடுக்காதீர்கள். நூறு கி.மீ. வேகத்தில் கையிலிருந்து நழுவும் ஃபோன் பின் சீட்டில் இருப்பவரின் முகத்தில் அடிக்கும் கல். ஜிப் வைத்த பாக்கெட், லாக்கர், அல்லது ஏறாதவரின் கை, இந்த மூன்றில் ஒன்றுதான். ஏறாதவரின் கை என்றதும் அவரை நாள் முழுக்கச் சுமைதாங்கியாக ஆக்கிவிடாதீர்கள். லாக்கர் எடுப்பதே நல்லது, அப்போதுதான் அவரும் எழுந்து எங்காவது போக முடியும்.

மாற்று உடை ஒரு செட், தண்ணீர் பாட்டில், வெயிலுக்குத் தொப்பி, ஒரு பிளாஸ்டிக் உறை. கடைசிப் பொருள் எதற்கென்று படி 10-இல் தெரியும். காலையில் புறப்படும்போது ஒவ்வொரு பிள்ளையையும் அன்றைய உடையில் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டால் "நீலச் சட்டையா, பச்சையா?" என்று தடுமாற வேண்டியிருக்காது. சின்னப் பிள்ளைகளின் கையில் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள்.

படி 6: முதல் மணி நேரத்தை வீணாக்காதீர்கள்

வாசல் திறப்பதற்கு அரை மணி முன்னால் போய் நிற்பது, அந்த நாளில் நீங்கள் செய்யும் மிகப் பயனுள்ள காரியம். திறந்ததும் பெரும்பாலானவர்கள் வாசலுக்கு அருகில் கண்ணில் படும் முதல் ரைடில் நிற்பார்கள். நீங்கள் கடைசி மூலைக்கு நடந்துவிட்டு அங்கிருந்து முன்னோக்கி வாருங்கள். விடுமுறை அல்லாத வார நாள் கிடைத்தால் பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

எந்த ரைடுக்கு முதலில் போவது? புகழ்பெற்ற ரைடுக்கா? எனக்குத் தோன்றுவது வேறு. குறைவான ஆட்களை ஏற்றும் ரைடுக்கு முதலில் போங்கள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ரயிலில் 24 சீட், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்புகிறது என்றால் மணிக்கு 720 பேர் ஏறுவார்கள். உங்களுக்கு முன்னால் 360 பேர் நின்றால் அரை மணி நேரம். இன்னொரு ரைடில் நான்கு பேர் உட்காரும் சின்னப் பெட்டி, அரை நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினாலும் மணிக்கு 480 பேர்தான். அதே 360 பேருக்கு அங்கே முக்கால் மணி. வரிசை பார்வைக்குக் குட்டையாக இருந்து ஏமாற்றும் இடம் இதுதான். வாட்ச்சைப் பார்த்து ஒரு ரயிலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியைக் கணக்கிட்டால், வாசலில் போட்டிருக்கும் காத்திருப்பு நேரம் சரிதானா என்று நீங்களே சொல்லிவிடலாம். பத்து வயதுப் பிள்ளைகள் இந்தக் கணக்கை விரும்பிச் செய்வார்கள், நிற்கும் நேரமும் போகும்.

விரைவு வரிசைக்குத் தனி டிக்கெட் விற்கும் பூங்காக்கள் உண்டு. கூட்ட நாளில், பெரிய ரைடுகளில் ஏறும் ஆட்கள் அதிகமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். இரண்டு பேர்தான் ஏறப்போகிறீர்கள் என்றால் அவர்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். தனி ஆட்களுக்கான வரிசை இருக்கும் இடங்களில் காலியாக மிஞ்சும் ஒற்றைச் சீட்டுகளை நிரப்புவார்கள், வேகமாக நகரும். ஆனால் குடும்பத்தைப் பிரித்துத்தான் உட்காரவைப்பார்கள். முதன்முறை ஏறும் பிள்ளையை அதில் நிறுத்தாதீர்கள்.

படி 7: பயப்படும் பிள்ளையை எப்படி ஏற்றுவது, எப்போது விட்டுவிடுவது

நேராகப் பெரிய கோஸ்டருக்குக் கூட்டிப்போய் "ஒரு தடவை ஏறினால் பயம் போய்விடும்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அந்த ஒரு தடவைக்குப் பிறகு பல வருடங்களுக்குக் கோஸ்டர் பக்கமே வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் இறக்கமே இல்லாத சின்ன ரயில். அடுத்து தாழ்வான மேடுகளும் நிறைய வளைவும் உள்ள குடும்பக் கோஸ்டர். சுரங்க ரயில் மாதிரி அலங்கரித்தவை பெரும்பாலும் இந்த ரகம். அடுத்து ஒரு நல்ல இறக்கம் உள்ள, ஆனால் தலைகீழ் இல்லாத கோஸ்டர். லூப் அதற்கு அப்புறம். சுவாரசியம் என்னவென்றால், பல பிள்ளைகளுக்கு லூப்பைவிட இறக்கத்தில் வயிறு காலியாகிற உணர்வுதான் பிடிக்காது. ஊஞ்சலை உயரமாக ஆட்டினால் உச்சியில் ஒரு நொடி சீட்டைவிட்டு எழும்புவோமே, அதே உணர்வுதான் இங்கே நீண்டு வருகிறது. நன்றாக அமைந்த லூப்பிலோ உடம்பு சீட்டோடு அழுந்தியே இருக்கும், தலைகீழாக இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே "எது பயமாக இருக்கிறது, உயரமா, வேகமா, இருட்டா, வயிற்றிலா?" என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து அடுத்த ரைடைத் தேர்ந்தெடுங்கள்.

ஏறுவதற்கு முன் வெளியே நின்று மூன்று நான்கு ரயில்கள் போவதைப் பாருங்கள். இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இறக்கம் தொடங்கியதிலிருந்து பிரேக் பிடிக்கும் வரை எத்தனை நொடி என்று பிள்ளையையே எண்ணவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு நிமிடம்கூட வராது. பயமுறுத்தும் விஷயத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது, அந்த முடிவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிவது பெரிய துணை.

அப்புறம் ஒரு உறுதிமொழி கொடுங்கள்: ரயிலில் உட்காரும் நொடி வரை மனம் மாறலாம், யாரும் திட்டமாட்டார்கள், கேலி செய்யமாட்டார்கள். ஏறும் மேடையில் ரயிலைத் தாண்டி எதிர்ப்பக்கம் வெளியேற வழி இருக்கும், அல்லது ஊழியரிடம் சொன்னால் வழிவிடுவார். வெளியேறலாம் என்று தெரிந்த பிள்ளைதான் பெரும்பாலும் ஏறுகிறது. அண்ணனோ அக்காவோ கேலி செய்தால் அவர்களைத்தான் கண்டிக்க வேண்டும்.

லூப் இருக்கும் ரைடை "இதில் தலைகீழே கிடையாது" என்று பொய் சொல்லி ஏற்றாதீர்கள். ஒரு ரைடு கிடைக்கும், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அந்தப் பிள்ளை நம்பாது. இறங்கியதும் "பார்த்தாயா, ஒன்றுமே இல்லை!" என்றும் சொல்ல வேண்டாம். அதற்கு அது பெரிய விஷயம். எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு அதன் வாயாலேயே கேளுங்கள். "மறுபடியும்" என்று கேட்டால் சரி. கேட்காவிட்டால் அன்றைக்கு அது போதும்.

படி 8: எந்தச் சீட்?

முன் சீட்டில் எதிரே யாரும் இல்லை. காற்று முகத்தில் அறையும், உச்சியில் இறக்கத்தைப் பார்த்தபடி ஒரு கணம் தொங்குவீர்கள். பின் சீட்டில் பார்வை குறைவு, ஆனால் இழுப்பு அதிகம். முன் பெட்டி உச்சியைத் தாண்டும்போது ரயில் மெதுவாக இருக்கும். கடைசிப் பெட்டி அதே உச்சிக்கு வருவதற்குள் முன்பாதி கீழே விழத் தொடங்கி ரயில் வேகம் பிடித்திருக்கும். அதனால் பின்னால் இருப்பவர்கள் உச்சியிலிருந்து பிடுங்கி எறியப்படுவது போல இறங்குகிறார்கள். முதன்முறை ஏறுபவர்களுக்கு நடுப்பெட்டி. இறக்கத்தைப் பார்க்கப் பயப்படுகிறவர் பின்னால் போகலாம் என்று நினைப்பார், அதுதான் தவறான இடம்.

மரக் கோஸ்டர்கள் இயல்பாகவே அதிரும். அங்கே சக்கரத்துக்கு நேர் மேலே வரும் வரிசையைத் தவிர்த்து, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வரும் வரிசையில் உட்கார்ந்தால் முதுகு நன்றி சொல்லும்.

படி 9: கம்பி, பெல்ட், உட்காரும் விதம்

முதலில் பின்னால் நன்றாகத் தள்ளி, இடுப்பு சீட்டின் மூலையில் படும்படி உட்காருங்கள். பிறகு கம்பியை இறக்குங்கள். இந்த வரிசை முக்கியம். முன்னால் சரிந்து உட்கார்ந்தபடி கம்பியை இறக்கினால் பூட்டிவிடும், பின்னால் நகர்ந்ததும் இடைவெளி வந்துவிடும். பிள்ளைகளுக்கு இதை ஒவ்வொரு ரைடிலும் பாருங்கள்.

பழைய கோஸ்டர்கள் சிலவற்றில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி இருக்கும். பெரிய உடம்புள்ளவரின் தொடையில் பட்டதும் அது நின்றுவிடும், பக்கத்தில் இருக்கும் ஒல்லிப் பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே இடம் மிஞ்சும். அப்படிப்பட்ட ரைடில் பிள்ளையின் பக்கத்தில் வீட்டிலேயே ஒல்லியான பெரியவர் உட்காரட்டும். அப்போதும் தளர்வாகத் தெரிந்தால் கையைத் தூக்கி ஊழியரைக் கூப்பிடுங்கள், ரயில் தாமதமானால் ஆகட்டும்.

தலையைப் பின்னால் சாய்த்து ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், குனியாதீர்கள். பக்கத்து ஆளைப் பார்க்கத் திரும்பும்போதுதான் கழுத்து பிடித்துக்கொள்ளும். இறக்கத்தின் அடியில் உடம்பு கனக்கும். 40 கிலோ உள்ள பிள்ளை மூன்று மடங்கு விசையில் 120 கிலோ இருப்பது போல உணரும். அந்த இடங்களில் சிலருக்குப் பார்வை லேசாகச் சாம்பல் பூக்கும். பாதங்களைத் தரையில் அழுத்தி, தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்காமல் விட்டால் அது குறையும். கத்துவதும் நல்லதுதான், கத்தும்போது மூச்சை அடக்க முடியாது.

கண்ணைத் திறந்து பாதையைப் பாருங்கள். மூடிக்கொண்டால் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று உடம்புக்குத் தெரியாது, தலைசுற்றலும் கூடும்.

கைக்குழந்தையோ உயரம் போதாத பிள்ளையோ இருந்தால், பெற்றோர் இருவரும் மாறிமாறி ஏறும் வசதி பல பூங்காக்களில் இருக்கிறது. ஒருவர் வரிசையில் நின்று ஏறிவிட்டு வந்ததும், மற்றவர் மறுபடி முழு வரிசையும் நிற்காமல் நேராக ஏறலாம். வரிசையில் சேர்வதற்கு முன்பே வாசல் ஊழியரிடம் கேட்டுவிடுங்கள், ஏறும் மேடைக்குப் போய்க் கேட்டால் தாமதம். பல இடங்களில் இரண்டாவது முறை துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகவும் விடுவார்கள். பெரிய பிள்ளை அப்பாவோடு ஒரு முறை, அம்மாவோடு ஒரு முறை என்று இரண்டு தடவை ஏறிவிடும்.

படி 10: வயிறு

வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிட்டதும் ஆகாது. காலையில் லேசான உணவு, மதியம் எண்ணெயில் பொரித்ததைத் தவிர்த்து மிதமாக. சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது கோஸ்டர் வேண்டாம். நிழலில் காட்சி அரங்கு, ரயில், படகு என்று பெஞ்சில் இருந்தவர்கள் தேர்ந்தெடுத்த விஷயங்களுக்கு அது சரியான நேரம். எல்லாரும் சாப்பிடும் வேளைக்கு ஒரு மணி முன்னாலேயே சாப்பிட்டுவிட்டால் உணவு வரிசையும் மிச்சம்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்வதால்தான் குமட்டல் வருகிறது. ஒரே இடத்தில் சுழலும் ரைடுகள் கோஸ்டரைவிட மோசம். அடுத்தடுத்து இரண்டு சுழலும் ரைடு ஏறாதீர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும். முகம் வெளுத்து, பேச்சு குறைந்து, கொட்டாவி வந்தால் அடுத்த ரைடு ரத்து. உட்காரவையுங்கள், தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பிளாஸ்டிக் உறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குமட்டல் மாத்திரை சிலருக்குத் தூக்கம் வரவைக்கும், மருத்துவரைக் கேட்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

படி 11: ரயில் நடுவில் நின்றால்

சில சமயம் ஏற்றத்தின் நடுவிலோ பிரேக் பகுதியிலோ ரயில் நின்றுவிடும். பயம் வரும், ஆனால் பெரும்பாலும் பாதுகாப்பு அமைப்பு தன் வேலையைச் செய்ததால்தான் நிற்கிறது. பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் போன ரயில் வெளியேறியதாகக் கணினிக்கு உறுதி கிடைக்காவிட்டால் பின்னால் வரும் ரயிலை நிறுத்திவிடும். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 2015-இல் ஸ்மைலர் கோஸ்டரில் நடந்த மோதலும், கணினி நிறுத்திய ரயிலை மனிதர்கள் மீறி அனுப்பியதால் நடந்ததுதான். ஆக, நின்றால் நிற்கட்டும். கம்பியைத் தள்ளிப் பார்க்காதீர்கள், இறங்க முயலாதீர்கள். பாதையோரம் படிக்கட்டு இருக்கும், ஊழியர்கள் வந்து ஒவ்வொருவராகக் கூட்டிப்போவார்கள். அதுவரை பிள்ளையிடம் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள்.

மின்னல், பலத்த காற்று வந்தால் கோஸ்டர்களை மூடிவிடுவார்கள். மழை விட்டதும் பாதிக் கூட்டம் கிளம்பியிருக்கும். மாற்று உடையோடு காத்திருந்தவர்களுக்கு அது நல்ல வேளை.

படி 12: கடைசி ஒரு மணி

மாலையில் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கிளம்பத் தொடங்கும், வரிசைகள் இளகும். காலையில் கைவிட்ட ரைடுகளுக்கு இப்போது போகலாம். மூடும் நேரத்துக்கு முன் வரிசைக்குள் வந்துவிட்டவர்களைப் பல பூங்காக்கள் ஏற்றிவிட்டே மூடுகின்றன, ஆனாலும் வாசல் ஊழியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கரத்தின் மசகெண்ணெய் சூடேறியிருப்பதால் அதே கோஸ்டர் காலையைவிட மாலையில் கொஞ்சம் வேகமாக ஓடும். இருட்டில் பாதை தெரியாது என்பதால் இன்னும் வேகமாகத் தோன்றும். காலையில் தயங்கிவிட்டு மாலையில் "இப்போது ஏறுகிறேன்" என்று வரும் பிள்ளைக்கு இதையும் சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

வண்டி ஓட்டி வீடு திரும்ப வேண்டியவர் கடைசி ரைடில் ஏறாமல் இருப்பது நல்லது. ஏறித்தான் ஆவேன் என்றால், இறங்கிய பிறகு தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி உட்கார்ந்து, தலை நிதானத்துக்கு வந்ததும் சாவியை எடுக்கட்டும்.